வழியில் நிற்கும் வண்டியோடு ஒரு வாரம்

மதுரை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, மைலோ பொட்டலங்களுக்கு அடியில் இருந்த கார்புரேட்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம் இந்தியில் ஏதோ கேட்டார். "இதை வைத்து இந்த அம்மா என்ன செய்யப் போகிறார் என்று கேட்கிறார்" என்று அவர் எனக்குத் தமிழில் சொன்னார். "கொழுந்தனார் வண்டியில் மாட்டப் போகிறேன்" என்றேன். "யாரு, நீங்களா?" என்று அவரே கேட்டார். நான்தான் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பெட்டியை மூடினார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவில். கட்டிக்கொண்டது அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பையனை. அவருக்கு லீவு கிடைக்காததால் இந்த முறை நான் மட்டும் வந்தேன். ஊருக்குச் சொன்ன காரணம், கொழுந்தனார் முத்துவேலின் மகளுக்குக் காதுகுத்து. உண்மையான காரணம் முத்துவேலின் மோட்டார் சைக்கிள்.

மண்பாதை, தார்ச்சாலை இரண்டிலும் ஓடுவதற்கென்றே செய்த உயரமான வண்டி அது. எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள மடிப்பு மடிப்பான இறக்கைகளில் காற்று பட்டுத்தான் சூடு ஆற வேண்டும். இந்த மாடலைச் செய்வதையே நிறுத்தி ரொம்ப வருடமாகிறது. இதே வகையில் இன்னும் பழையது ஒன்று ஈப்போவில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் நிற்கிறது. அதை யார் கையிலும் கொடுக்காமல் நானே பிரித்து நானே மாட்டுகிறேன். அந்தத் தைரியத்தில்தான், "வண்டி வழியில நின்னுருது மதினி" என்று முத்துவேல் போனில் புலம்பியபோது, "நான் வந்து பார்க்கிறேன்" என்று வாய் விட்டுவிட்டேன்.

முத்துவேல் மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர். ஒரு மாடு பருவத்துக்கு வந்து கத்தத் தொடங்கினால் அரை நாளுக்குள் போய் ஊசி போட வேண்டும். தவறினால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். மாடு வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவு நாள் பால் தள்ளிப்போகும். வாய்க்கால் கரையும் வரப்பும் தாண்டிப் போக வேண்டிய ஊர்கள் என்பதால்தான் அவருக்கு அந்த வண்டி. ஏற்கெனவே மூன்று வீட்டு மாடுகளுக்கு நேரம் தவறிவிட்டது. இன்னொரு மாடு தவறினால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர்களை எல்லாம் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று பால் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு முக்கால்வாசி வேலை அந்த ஊர்களில்தான்.

நான் போய் இறங்கியது காலை பதினோரு மணி வாக்கில். முத்துவேலின் மனைவி ஜோதி வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசிக்கொண்டே இருந்தாள், கண் மட்டும் தெருமுனையில் இருந்தது. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தலை தூக்கினாள். எனக்கு இட்லியும் எலும்புக் குழம்பும் வைத்தாள். அவள் உட்காரவில்லை.

"நீ சாப்பிட்டியா?"

"இவுக வரட்டும்க்கா. விடியக் காத்தால போனவுக."

போன வருடம் வாய்க்கால் கரையில் வண்டியோடு சறுக்கி விழுந்து முத்துவேலுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் வெளியே போனால் திரும்பி வரும்வரை இவள் வாயில் பச்சைத்தண்ணீர்கூடப் படுவதில்லை. அவர் விழுந்த பிறகுதான் வண்டியும் நிற்க ஆரம்பித்தது என்றாள். எனக்கு ஜோதியின் மேல் கோபம்தான் வந்தது. பட்டினி கிடந்தால் எஞ்சின் ஓடுமா?

முத்துவேல் மத்தியானத்துக்கு மேல் வந்தார். சட்டை முழுக்க வியர்வை, கையில் உறைவிந்து வைத்திருக்கும் நைட்ரஜன் கேன். "மூணு எடத்துல நின்னுச்சு மதினி. சூடாகி நின்னுருது. செத்த நேரம் ஆறட்டும்னு நிழல்ல நிப்பேன். பெட்ரோல் இருக்கான்னு மூடியத் தெறந்து பாப்பேன். ஒரு பீடி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கிளம்பிரும்." ஊரிலுள்ள மெக்கானிக்குகளும் சூடு என்றுதான் சொல்லியிருந்தார்கள். விழுந்ததில் உள்ளே ஏதோ கோணிவிட்டது, எஞ்சினைப் பிரித்தால்தான் தெரியும், பிரித்தால் சாமான் கிடைக்காது என்பது எல்லோருடைய தீர்ப்பும்.

நான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். டேங்க் மூடியின் நடுவில், சாவித்துவாரத்தின் மேலேயே, கட்டைவிரல் அளவுக்குச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. அழகாக இருக்கிறதே என்று போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து வேலையைத் தொடங்கினேன். சிலிண்டர் இறக்கைகளுக்கு இடையில் வாய்க்கால் சேறு செங்கல் கணக்காகக் காய்ந்து கிடந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வைத்து ஒவ்வொரு மடிப்பாகத் தேய்த்து எடுத்தேன். எண்ணெய் மாற்றினேன். வால்வுகளின் இடைவெளியைத் தகடு வைத்து அளந்து சரி செய்தேன். ப்ளக்கைக் கழற்றினால் வெளுத்துப்போயிருந்தது. பெட்ரோல் போதாமல் எரிகிறது என்பதற்கு அது அடையாளம். ஆகவே டேங்க்கிலிருந்து பெட்ரோல் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்த்தேன். மூடியைத் திறந்து வைத்துவிட்டு, குழாயை ஒரு பாட்டிலில் விட்டேன். தாராளமாகக் கொட்டியது. டேங்க்கில் குற்றம் இல்லை, கார்புரேட்டரில்தான் என்று முடிவு கட்டி, கொண்டுவந்ததை மாட்டினேன்.

இதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. "மலேசியாவுல பொம்பளைங்கதான் வண்டி பாப்பாங்களாய்யா?" என்றார் ஒருவர். "அங்கிட்டு ஆம்பளைங்க என்னய்யா செய்வாங்க?" என்றார் இன்னொருவர். "சமைப்பாங்க" என்றேன்.

இதற்கே இரண்டு நாள் போய்விட்டது; பழைய ப்ளக் ஆகாது என்பதால் அடுத்த நாள் மதுரைக்குப் பஸ் ஏறினேன். கோரிப்பாளையத்தில் இறங்கி ரோட்டைக் கடப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. ஈப்போவில் கோட்டுக்கு முன்னால் வண்டிகள் நிற்கும். இங்கே நான் நின்றால் மற்றவை நிற்காது, நான் நடந்தால் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போகும். ஓர் அம்மாள் காய்கறிக்கூடையோடு என் முழங்கையைப் பிடித்து, "பாக்காதத்தா, நட" என்று இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பாடம் மிச்ச நாட்களுக்கும் உதவியது.

தர்காவுக்குப் பின்னால் உள்ள தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாய், நான் சொன்ன மாடலைக் கேட்டதும் நெற்றியில் கை வைத்தார். "அந்த வண்டியா? அல்லாவே! அதுக்கு ஒண்ணும் வராதும்மா. ப்ளக் மட்டும் தாரேன், மத்தது உங்க நசீபு." ப்ளக்கோடு ஏர் ஃபில்டர் பஞ்சும் கிளட்ச் கேபிளும் கிடைத்தன. பக்கத்துக் கடையில் முள்ளுமுருங்கை வடை சூடாக எடுத்தார்கள். மிளகாய்ப்பொடி தூவித் தந்ததை நின்றபடியே நான்கு தின்றேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரோட்டி சானாய் மேல் எனக்குள்ள விசுவாசம் அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. செல்லூர் தாண்டியதும் டிரைவர் ஒரு ஆட்டுக்குட்டிக்காகப் பிரேக் போட, என் பை கிழிந்து சாமான்கள் சீட்டுகளுக்கு அடியில் உருண்டு ஓடின. "யாரு வண்டிச் சாமான்யா இது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் ப்ளக்கை எடுத்துத் தந்தார். கண்டக்டர் கேபிளைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்து, "அக்கா, வண்டிக்கும் டிக்கெட் எடுத்துருங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அன்று மாலை வண்டி ஊரைச் சுற்றி இரண்டு ரவுண்டு நிற்காமல் ஓடியது. நான் வெற்றி வாகை சூடிய நினைப்பில் கறிதோசை வாங்கி வரச் சொன்னேன். மறுநாள் காதுகுத்து. முத்துவேல் என் கைமேல் இருந்த நம்பிக்கையில் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு பந்தலுக்கு வாழை இலை வாங்கப் போனார். வண்டி வழக்கமாக ஓடும் தூரத்தில் பாதிகூடப் போகாமல் நின்றுவிட்டது. இலைக்கட்டு ஒரு டிராக்டரில் வந்து சேர்ந்தது. வண்டி பின்னால் உருண்டு வந்தது.

பிள்ளை காது வலியில் அழுதாள். கறிச்சோற்றுப் பந்தியில் என்னைப் பார்த்தவர்களெல்லாம், "மலேசியா மெக்கானிக்கு நல்லாச் சாப்பிடுங்க" என்று அக்கறையாகச் சொன்னார்கள். ஒரு மாமா, வண்டியைப் பழைய இரும்புக்கு எடுக்கும் ஆள் தனக்குத் தெரியும் என்று முத்துவேலின் காதில் போட்டார். முத்துவேல் மறுப்பு சொல்லாதது எனக்குச் சுருக்கென்றது. நான் எழுந்து கை கழுவிவிட்டு, பட்டுச்சேலையோடு போய்க் கொட்டகையில் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஊருக்குத் திரும்ப இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. இதை ஓடவைக்காமல் விமானம் ஏறுவதில்லை என்று சத்தமாகவே சொன்னேன். கேட்டது மாடு மட்டும்தான்.

மறுநாள் விடிந்ததும் போன் வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பேச்சியம்மா. அவருக்கு இருப்பது ஒரே மாடு. போன பருவத்தில் முத்துவேல் போய்ச் சேர நேரமாகித் தவறிப்போனது அந்த மாடுதான். "நேத்துச் சாயந்தரத்துல இருந்து கத்துதுய்யா. இந்தத் தடவையும் விட்டுறாத" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. முத்துவேல் போனை வைத்துவிட்டு வண்டியைப் பார்த்தார். ஜோதி வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள்.

"நான் ஓட்டுகிறேன். நீங்கள் கேனைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்காருங்கள்" என்றேன்.

"மதினி, ஊரு சிரிக்கும்."

"ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டது தம்பி. ஏறுங்கள்."

எஞ்சின் நிற்கும் நேரத்தில் என்ன சத்தம் வருகிறது என்று என் காதால் கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். நெல் வயல்களும் வாழைத்தோப்பும் தாண்டி, வாய்க்கால் கரையில் ஏறியபோது வண்டி அருமையாக ஓடியது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து கைகாட்டினார்கள். அப்புறம் இழுவை குறைந்தது. ஒரு திணறல், இரண்டு திணறல். நின்றேவிட்டது. நான் சிலிண்டருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஓடிய வண்டிக்கு இருக்க வேண்டிய சூடுதான் இருந்தது. அதற்கு மேல் இல்லை.

"பெட்ரோல் இருக்கான்னு பாருங்க மதினி" என்றார் முத்துவேல், பழக்க தோஷத்தில்.

சாவியைப் போட்டேன். முறுக்கித்தான் திருப்ப வேண்டியிருந்தது. மூடி அசைந்ததும் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். வயல் நடுவில் வேறு ஓசை இல்லாததால் நன்றாகக் கேட்டது.

"இது என்ன சத்தம்?"

"எப்பவும் அப்படித்தான். காத்து வெளியேறும்."

"எப்பவுமா?"

"நிக்கிறப்பல்லாம்."

மூடியின் ஓரத்தில் கைக்குட்டை முனையைப் பிடித்தபடி அதை மறுபடி அழுத்தித் தூக்கிப் பார்த்தேன். இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்த காற்று துணியையும் சேர்த்து இழுத்தது.

"வெளியே போகவில்லை தம்பி. உள்ளே இழுக்கிறது!"

ஈப்போவில் தே தாரிக் என்ற பால் டீ ஆற்றும் கடையில் பார்த்திருக்கிறேன். பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் கொஞ்சம் வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் காற்றுக்கு இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக இறங்கும். பெட்ரோல் டேங்க்குக்கும் அதே கணக்கு. மூடியில் காற்று போக ஒரு சின்னத் துவாரம் உண்டு; இந்த வண்டியில் அது சாவித்துவாரத்துக்குள்ளேயே இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால், கொஞ்ச தூரம் ஓடியதும் பெட்ரோல் இறங்க மறுத்துவிடும். டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, இன்னும் சீக்கிரம் நிற்கும். இலை வாங்கப் போனபோது நடந்தது அதுதான்; டேங்க் நிறைந்திருந்ததால் அவர் மூடியைத் திறந்து பார்க்கவுமில்லை. இவர் நிழலில் நின்று சூடு ஆற்றியதால் வண்டி கிளம்பவில்லை. பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்ததால் கிளம்பியது. நானோ மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்ரோல் நன்றாக இறங்குகிறது என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்! படித்த முட்டாள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"செத்த நேரம் ஆறட்டும்" என்று முத்துவேல் இறங்கப் போனார். "ஆற ஒன்றுமில்லை, உட்காருங்கள்" என்று மூடியைப் பூட்டாமல் கைக்குட்டையோடு சும்மா வைத்துவிட்டுக் கிளப்பினேன். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. பேச்சியம்மா வீட்டு வாசல்வரை நிற்கவேயில்லை.

முத்துவேல் ஊசி போட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்தார். பேச்சியம்மா எனக்குப் பருத்திப்பால் கொடுத்து, "நீதான் ஓட்டியாந்தியாத்தா?" என்று என் தோளைத் தடவினார். முத்துவேல் வண்டிப் பக்கம் போய் மூடியைக் கையில் எடுத்தார். சாவியின் பற்களில் மஞ்சளாகப் பொடி அப்பியிருந்தது. துவாரத்துக்குள் காய்ந்து இறுகி, அடுக்கடுக்காகச் சந்தனம். ஜோதி வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். பெட்ரோல் போடும்போதெல்லாம் சாவி அதை உள்ளே தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது.

அவர் அதை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "அவகிட்டச் சொல்லாதீங்க மதினி" என்றார். "நான் விழுந்த மறுநாள்ல இருந்து வைக்கிறா. தாங்க மாட்டா. நானே தெனமும் ஊக்க வச்சுக் குத்தி விட்டுக்கிறேன்."

"ஒரு நாள் மறந்தால்?"

"மறக்க மாட்டேன்."

"மறப்பீர்கள். அவள் வாசலில் பட்டினி கிடப்பாள்."

எனக்கு இந்த மாதிரி இரக்கம் பிடிக்காது. பழுது என்னவென்று ஒருவருக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு ஓட்டினால் அது மறுபடி வரும். வண்டியானாலும் சரி, வீடானாலும் சரி. வரும் வழியெல்லாம் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். கடைசியில், "நீங்களே சொல்லுங்க, எனக்கு வாய் வராது" என்று விட்டுவிட்டார்.

நாங்கள் ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டதை ஜோதி நம்பவில்லை. வண்டி நின்றதா என்று கேட்டாள். அவளைக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். மூடியை அவள் கையில் கொடுத்து, பால் டின் கதையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே சொல்வது கஷ்டமாக இருந்தது. நடுவில் நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"அப்ப நாந்தானாக்கா?" என்றாள். "இவுக லேட்டா வந்த மறுநா எல்லாம் இன்னும் கனமா வச்சேன். பத்திரமா வரணுமேன்னு. அம்புட்டையும் நான்தான் அடைச்சேனா?"

உட்கார்ந்து அழுதாள். முத்துவேல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார். ஜோதி திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபமாக நிமிர்ந்தாள்.

"இத்தன மெக்கானிக்கு பாத்தாய்ங்க. ஒருத்தனுக்கும் கண்ணு தெரியலயா? சாமி பொட்ட எப்படித் தொடுறதுன்னு அப்படியே பூட்டிக் குடுத்தாய்ங்களா?"

"நானும்தான் பார்த்தேன் ஜோதி. பார்த்துப் போட்டோ எடுத்தேன்."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "எந்த ஓட்ட? காட்டுங்க" என்றாள். வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி நீட்டினாள். பெட்ரோலில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி எடுத்தோம். மஞ்சள் கூழாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில், "ஊதிப் பார்" என்றேன். உதட்டை வைத்து ஊதினாள். மூடியின் மறுபக்கத்தில் வைத்திருந்த என் உள்ளங்கையில் காற்று பட்டது. பெட்ரோல் நாற்றத்தில் முகத்தைச் சுளித்துத் துப்பினாள். மறுபடி ஊதினாள். இந்த முறை அவள் கையையே வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த நாள் நான் கிளம்ப வேண்டிய நாள். விடியலிலேயே முத்துவேலுக்கு மூன்று ஊரிலிருந்து அழைப்பு. எல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜோதி சந்தனக் கிண்ணத்தோடு வண்டிக்கு முன்னால் வந்து கொஞ்ச நேரம் யோசித்தபடி நின்றாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மூடியைத் திறந்து ஊக்கால் குத்தி, மூன்று முறை ஊதி, கையில் காற்று படுகிறதா என்று பார்த்துப் பூட்டினாள். பிறகு முன்விளக்குக்கு மேலே சந்தனத்தை வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள். முத்துவேல் கேனோடு ஏறி உதைத்துக் கிளம்பிப் போனார்.

பெட்டியைப் பூட்டிவிட்டு நான் வெளியே வந்தபோது எட்டு மணிகூட ஆகவில்லை. முத்துவேல் இன்னும் வரவில்லை. தெருமுனையில் ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. நான்தான் திரும்பிப் பார்த்தேன்.

ஜோதி அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இட்லியைக் குழம்பில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்கக்கா" என்றாள், தட்டிலிருந்து தலை தூக்காமல். "சூடா இருக்கு."